சர்வர் கோளாறு என்றால், லாக் எங்கே என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு "சர்வர் கோளாறு, பொதுமக்கள் அவதி" என்ற தலைப்பு பழகிப்போன ஒன்று. ரேஷன் கடையில் கைரேகை ஏற்கவில்லை, பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கியும் பத்திரம் பதியவில்லை, ஆஸ்பத்திரியில் பில் போட முடியவில்லை, கூட்டுறவு வங்கியில் பணம் எடுக்க முடியவில்லை. மறுநாள் "கோளாறு சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி வரும், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். என்ன கோளாறு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எதனால் வந்தது, மறுபடி வருமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அந்த அலுவலகத்தில் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. நான் பல வருடங்களாக நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பதில் ஏன் இருப்பதில்லை என்பது எங்கள் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது எங்களுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம். கொஞ்சம் தொழில்நுட்பம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த சர்வரும் தான் செய்கிற வேலையைத் தானே எழுதிக்கொண்டு போகும். யார் உள்ளே வந்தார்கள், என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் தடுக்கியது, விவரங்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது, எல்லாம் வரி வரியாக, நேரத்தோடு, ஒரு கோப்பில் போய் விழும். அதைத்தான் லாக் என்கிறோம். காவல் நிலையத்தில் பொது நாட்குறிப்பு எதற்கு இருக்கிறதோ, அதே காரியத்துக்குத்தான் இதுவும். ஆனால் எதை எழுதுவது, எவ்வளவு விவரமாக எழுதுவது, எத்தனை நாள் வைத்திருப்பது, யார் படிக்கலாம் என்பதையெல்லாம் சர்வர் முடிவு செய்யாது, அமைப்புக் கோப்பில் யாரோ எழுதிவைத்தபடி நடக்கும். அந்த யாரோ பெரும்பாலும் மென்பொருளைத் தயாரித்தவர், உலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மதிப்பைப் போட்டு அனுப்பியவர். வாங்கிய நிறுவனம் அதைத் தொடுவதே இல்லை. கோ-லைவ் அன்று, அதாவது மென்பொருள் பயன்பாட்டுக்கு வரும் முதல் நாளில், திரை திறக்கிறதா, பில் அச்சாகிறதா, ரிப்போர்ட் வருகிறதா என்று பார்ப்பார்கள். லாக் அமைப்பைத் திறந்து பார்த்த ஒரு வாடிக்கையாளரைக்கூட நான் சந்தித்ததில்லை.

அப்படி வருகிற மதிப்புகள் என்ன என்று பார்ப்போம், நம் ஊர் அலுவலகங்களில் அதிகம் ஓடுகிறவற்றையே எடுத்துக்கொள்கிறேன். ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய மென்பொருள்களை ஓட்டும் டாம்கேட் சர்வரோடு வரும் அமைப்புக் கோப்பில், பழைய லாக்கை 90 நாள் வைத்திரு என்று போட்டிருக்கும். ரெட் ஹேட் வகை லினக்ஸில் லாக்ரொட்டேட் என்ற கருவி வாரத்துக்கு ஒரு கோப்பு, 4 பழைய கோப்புகள் என்ற கணக்கில் வரும், அதாவது ஏறக்குறைய ஒரு மாதம். விண்டோஸ் சர்வரில் பாதுகாப்பு நிகழ்வுகளுக்கான லாக் 20 எம்பி நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதத் தொடங்கிவிடும், நூறு பேர் வந்துபோகிற சர்வரில் 20 எம்பி எத்தனை நாளைக்குத் தாங்கும்? மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் தன் எரர் லாக்கில் நடப்புக் கோப்போடு 6 பழைய கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை ரீஸ்டார்ட் செய்யும்போதும் புதிதாக ஒன்று தொடங்கும், இருப்பதிலேயே பழையது அழியும். "எதுக்கும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதுதான் இங்கே எல்லாக் கோளாறுக்கும் முதல் வைத்தியம். காலையில் ஏற்பட்ட கோளாறுக்கு மாலைக்குள் ஏழு தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டால், காலையில் என்ன நடந்தது என்ற பதிவு அந்த சர்வரிலேயே இருக்காது. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நேர்மாறான சிக்கல், அதன் வழக்கமான அமைப்பில் லாக் கோப்புக்கு அளவு வரம்பே கிடையாது, டிஸ்க் நிறையும் வரை எழுதிக்கொண்டே போகும்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஒரு உத்தரவு போட்டது. நிறுவனங்கள், அரசு அமைப்புகள், டேட்டா சென்டர்கள் எல்லோரும் தங்கள் கணினி அமைப்புகள் அனைத்திலும் லாக்கை இயக்கிவைத்து, 180 நாள் பதிவுகளைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் எதுவும் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது. 180 நாள் கேட்கிற நாட்டில் 90 நாளும், 4 வாரமும், 20 எம்பியும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், அவகாசக் காலம் முடிந்த பிறகு, தரவை யார் தொட்டார்கள் என்ற பதிவுகளை ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அதற்கு எத்தனை பேர் தயாராகிறார்கள் என்று நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

சட்டம் போட்டால் நடக்காது என்று சொல்ல வரவில்லை, கேட்க ஆள் இருந்தால் நடக்கிறது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எந்த வவுச்சரைத் திருத்தினார்கள் என்ற பதிவு நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை ஆடிட்டர் கேட்கிறார், தன் அறிக்கையில் எழுதுகிறார். அதனால் சின்னக் கம்பெனிகளில்கூட அந்த வசதி இயங்குகிறது. சர்வர் லாக்கை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை வந்து கேட்க யாரும் இல்லை.

சரி, நாள் கணக்கை விடுங்கள், எவ்வளவு விவரமாக எழுதுவது என்பதில் நடக்கிற கூத்து இன்னும் பெரியது. லாக்கில் படிநிலைகள் உண்டு. ஜாவா உலகில் ட்ரேஸ், டீபக், இன்ஃபோ, வார்ன், எரர், ஃபேட்டல் என்று போகும். ட்ரேஸும் டீபக்கும் மென்பொருள் எழுதுகிறவர் பிழை தேடும்போது பயன்படுத்துவது, ஒவ்வொரு மூச்சையும் எழுதும். இன்ஃபோ வழக்கமான நடவடிக்கைகள். வார்ன் என்றால் கவனிக்க வேண்டியது, எரர் என்றால் ஒரு வேலை தோற்றுவிட்டது. புதிதாக நிறுவ வரும் வெண்டரின், அதாவது மென்பொருளை விற்ற நிறுவனத்தின், ஆட்கள் டீபக்கில் வைத்துச் சோதிப்பார்கள், அது சரியான காரியம்தான். வேலை முடிந்து போகும்போது அதை இன்ஃபோவுக்கு மாற்றாமல் போய்விடுவார்கள், அங்கேதான் தப்பு. மணிக்கு ஒரு ஜிபி எழுதுகிற சர்வர் ஒரு நாளைக்கு 24 ஜிபி எழுதும், 100 ஜிபி டிஸ்க் பகுதி ஐந்தாம் நாள் நிறைந்துவிடும். டிஸ்க் ஃபுல் ஆனால் டேட்டாபேஸ் நிற்கும், பில் நிற்கும், கவுன்ட்டரில் வரிசை நிற்கும். "சர்வர் கோளாறு" என்று நீங்கள் அச்சிடுகிற செய்திகளில் சிலவற்றின் பின்னால் இருப்பது இது ஒன்றுதான். யாரோ அவசரத்தில் பழைய லாக் கோப்புகளை மொத்தமாக அழித்து இடம் பண்ணுவார்கள், எல்லாம் ஓட ஆரம்பிக்கும், காரணமும் சேர்ந்து அழிந்திருக்கும். இதைப் பார்த்துப் பயந்த இன்னொரு நிர்வாகி நேர் எதிர்ப்பக்கம் போய் எல்லாவற்றையும் எரர் மட்டத்தில் வைத்துவிடுவார். அப்புறம் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற சாதாரண விஷயம்கூடப் பதிவாகாது.

என்னைக் கேட்டால் ப்ரொடக்ஷன் சர்வரில், அதாவது அன்றாட வேலை நடக்கிற சர்வரில், பொதுவான மட்டம் இன்ஃபோ. சந்தேகம் உள்ள ஒரே ஒரு பகுதிக்கு மட்டும், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும், டீபக். ஜாவா மென்பொருள்களுக்கு லாக் எழுதிக்கொடுக்கும் லாக்4ஜே 2 போன்ற கருவிகளில் இதைப் பகுதி பகுதியாகத் தனியே அமைக்க முடியும். அமைப்புக் கோப்பை இத்தனை நொடிக்கு ஒருமுறை திரும்பிப் பார் என்று சொல்லும் மானிட்டர் இன்டர்வெல் என்ற ஒரு மதிப்பும் அதில் உண்டு. அதைப் போட்டுவிட்டால் சர்வரை நிறுத்தாமலேயே மட்டத்தை ஏற்றலாம், இறக்கலாம். போடாவிட்டால் மட்டத்தை மாற்ற ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், ரீஸ்டார்ட் செய்தால் பல கோளாறுகள் தற்காலிகமாக மறைந்துபோகும், கண்டுபிடிக்க வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஒரே ஒரு சொல்லும் ஒரு எண்ணும் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்தது கோப்பு சுழற்சி, எங்கள் பேச்சில் ரொட்டேஷன். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் துறையில் இருப்பவர்களே அதிகம் கவனிக்காத இடம் இது. கோப்பு 10 எம்பி ஆனதும் மூடிவிட்டு அடுத்ததைத் திற, பழையதில் 7 மட்டும் வை என்று அமைப்பது பரவலான வழக்கம். லாக்4ஜே 2-இல் நீங்கள் எண்ணே கொடுக்காவிட்டாலும் இந்த 10-உம் 7-உம்தான் வரும். மொத்தம் 80 எம்பிக்குள் அடங்கும், டிஸ்க் நிறையாது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கோளாறு வரும் நாளில்தான் சர்வர் வழக்கத்தைவிடப் பல மடங்கு எழுதும், ஒரே எரர் நொடிக்கு நூறு முறை விழும். அந்த 80 எம்பி சில நிமிடங்களில் சுற்றி வந்துவிடும், கோளாறு எப்படித் தொடங்கியது என்று சொல்லும் முதல் வரிகள் முதலில் அழியும். இதைத் தவிர்க்கத் தேதியையும் கோப்புப் பெயரில் சேர்ப்பார்கள். சேர்த்தால், அந்த 7 என்ற வரம்பு ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியாகிவிடும். முந்தைய நாள்களின் கோப்புகளை யாரும் அழிக்க மாட்டார்கள், டிஸ்க் மெதுவாக நிறையும். இத்தனை நாளுக்கு மேற்பட்டதை அழி என்று தனியாக ஒரு கட்டளை சேர்க்க வேண்டும், அதில் 180 நாள் என்று எழுத வேண்டும். இரண்டையும் யோசித்து அமைத்த சர்வர்கள் மிகக் குறைவு.

ஜாவாவில் இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் உண்டு, இளைஞர்கள் பலர் இதில் மாட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். சில வகைப் பிழைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், ஜாவா வேகத்துக்காக அந்தப் பிழை எந்த வரியில் வந்தது என்ற விவரத்தை எழுதுவதை நிறுத்திவிடும், பிழையின் பெயர் மட்டும் ஒற்றை வரியாக வந்துகொண்டிருக்கும். முழு விவரம் முதலில் வந்த சில பதிவுகளில்தான் இருக்கும், அவை மேலே சொன்னபடி சுழற்சியில் போயிருக்கும். இந்தச் சிக்கனத்தை நிறுத்த ஜாவாவைத் தொடங்கும்போதே கொடுக்கிற ஒரு விருப்பம் இருக்கிறது, ஓமிட் ஸ்டாக் ட்ரேஸ் இன் ஃபாஸ்ட் த்ரோ என்று பெயர், அதை அணைத்துவைத்தால் போதும். துறையில் இருப்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தால் இன்றே போய்ப் பாருங்கள்.

இவ்வளவு நுணுக்கம் ஒரு நாளிதழுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். லாக் இல்லாத இடத்தில் பழி யார் மேல் விழுகிறது என்பதுதான் என் கவலை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சில பில்கள் கணினியில் ரத்தானதாகக் காட்டின, பணத்துக்குக் கணக்கு இடித்தது. ரத்து செய்ததாகப் பதிவாகியிருந்தது இரவுப் பணியில் கவுன்ட்டரில் இருந்த ஒரு பெண்ணின் பெயரில். அந்த மென்பொருளில் ஒரே பெயரில் இரண்டு இடத்திலிருந்து உள்ளே வர முடியும், பின்னணியில் ஓடும் ஒரு வேலையும் கடைசியாக வந்தவரின் பெயரைப் போட்டுவிடும் சாத்தியம் இருந்தது. எது நடந்தது என்று பார்க்க என்னை அழைத்தபோது லாக் சில நாள்களுக்குத்தான் இருந்தது, சம்பவம் அதற்கு முன்னால். என்னால் அந்தப் பெண் செய்யவில்லை என்றும் சொல்ல முடியவில்லை, செய்தார் என்றும் சொல்ல முடியவில்லை. நிர்வாகம் சம்பளத்தில் பிடித்தது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த லாக் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும் விஷயம் அது. வெண்டர் "எங்கள் மென்பொருளில் அப்படி நடக்க வாய்ப்பில்லை" என்று ஒரு மெயில் அனுப்பினார், அதுவே தீர்ப்பாகிவிட்டது.

இதே வாக்கியத்தை நம்பி பிரிட்டனில் என்ன நடந்தது என்பதை உங்கள் வாசகர்களில் பலர் அறிந்திருப்பார்கள். அங்கே தபால் துறையின் கிளைகளில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது, புஜித்சூ நிறுவனத்தின் தயாரிப்பு. கிளைக் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது, கிளையை நடத்தியவர்கள் திருடியதாக வழக்குகள் போட்டார்கள். 2015 வரையிலான காலத்தில் 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள், அவர்களில் நம் நாட்டு வம்சாவளிப் பெண்களும் உண்டு. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில்தான் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன, அவை கிளைக் கணக்குகளைப் பாதித்திருக்க முடியும் என்று நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்பளித்தார். கிளைக்காரர்களுக்குத் தெரியாமலே வெளியிலிருந்து அவர்கள் கணக்கில் கை வைக்க முடியும் என்பதும் அந்த வழக்கில் நிலைநாட்டப்பட்டது, முன்பு அது முடியாது என்று தபால் துறை மறுத்திருந்தது. முழுப் பதிவுகள் புஜித்சூவிடம் இருந்தன, அவற்றைத் தபால் துறை கேட்டுப் பெற ஒப்பந்தத்தில் வருடாந்தர வரம்பு இருந்தது, குற்றம்சாட்டப்பட்டவரால் தானாகப் போய்ப் பார்க்க முடியாது. 2024-இல் தனிச் சட்டம் இயற்றித்தான் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். லாக்கை யார் வைத்திருக்கிறார், யார் பார்க்கலாம் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டிய விஷயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

லாக் இருந்தும் பயன்படாமல் போகிற இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, யார் வந்தார் என்ற முகவரி. இப்போது பெரும்பாலான சர்வர்களுக்கு முன்னால், வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ஒரு ப்ராக்ஸியோ, பல சர்வர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் லோட் பேலன்சரோ நிற்கும். யார் வந்து என்ன கேட்டார்கள் என்று எழுதும் டாம்கேட்டின் அக்சஸ் லாக்கை அப்படியே விட்டால் ஒவ்வொரு வரியிலும் அந்த ப்ராக்ஸியின் ஐபி முகவரிதான் இருக்கும். லட்சம் வரிகளும் ஒரே முகவரி, சைபர் கிரைம் போலீஸ் வந்து கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். ப்ராக்ஸி அனுப்பும் உண்மையான முகவரியை எடுத்து எழுதும்படி அமைக்க வேண்டும், அதோடு பதிலளிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும், வழக்கமான அமைப்பில் அது இருக்காது. இன்னொன்று நேரம். ஒரு சர்வர் இந்திய நேரத்தில் எழுதும், கன்டெய்னரில் ஓடுவது உலகப் பொது நேரத்தில் எழுதும், இடையில் ஐந்தரை மணி நேர வித்தியாசம். மூன்றாவது ஒன்றின் கடிகாரம் நாலு நிமிடம் பிந்தி ஓடும். மூன்றையும் பக்கத்தில் வைத்தால் எது முதலில் நடந்தது என்றே சொல்ல முடியாது. இரவு 11 மணிக்கு நடந்தது மாலை 5.30 என்று பதிவாகியிருந்தால், அந்த நேரத்தில் பணியில் இருந்த வேறு யாரோ மாட்டுவார். செர்ட்-இன் உத்தரவு தேசிய தகவல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு கடிகாரத்தை இணைக்கச் சொல்வது இதற்குத்தான், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எழுத வேண்டியதை எழுதாமல் விடுவது ஒரு பக்கம் என்றால், எழுதக் கூடாததை எழுதுவது இன்னொரு பக்கம். டீபக்கில் விட்ட சர்வர், உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் அப்படியே எழுதும் வாய்ப்பு உண்டு, அதில் கடவுச்சொல் இருக்கும், ஓடிபி இருக்கும், ஆதார் எண் இருக்கும், நோயாளியின் பெயரும் நோயும் இருக்கும். டேட்டாபேஸுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு, அதே விவரங்களை லாக் கோப்பில் யாரும் படிக்கும்படி விட்டிருப்பார்கள், அந்தக் கோப்பை ஜிப் செய்து வெண்டருக்கு மெயிலிலும் அனுப்புவார்கள். பெரிய நிறுவனங்களுக்கே இது நடந்திருக்கிறது. 2018 மே மாதம் ட்விட்டர், ஒரு பிழையால் கடவுச்சொற்கள் உள் லாக்கில் மறைக்கப்படாமல் எழுதப்பட்டுவிட்டன என்று சொல்லி, 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. பல கோடி ஃபேஸ்புக் கடவுச்சொற்கள் உள் அமைப்புகளில் அப்படியே கிடந்தது 2019-இல் வெளியானது, அதற்காக 2024 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 9.1 கோடி யூரோ அபராதம் போட்டது. நம் ஊரில் அபராதம் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, ஆதார் எண்ணில் கடைசி நாலு இலக்கம் தவிர மற்றதை மறைத்து எழுதச் சொல்வது ஒரு நாள் வேலை.

லாக் எழுதும் மென்பொருளையும் புதுப்பித்து வைக்க வேண்டும் என்பதை 2021 டிசம்பர் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது. லாக்4ஜே 2-இல் இருந்த ஓட்டை, லாக்4ஷெல் என்று பெயரிட்டார்கள், அபாய அளவுகோலில் 10-க்கு 10 கொடுத்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் ஒரு குறிப்பிட்ட வடிவிலான வரியை அனுப்பி, அதை சர்வர் லாக்கில் எழுதினாலே போதும், தூரத்திலிருந்து நிரலை இறக்கி சர்வருக்குள் ஓட்டிவிடலாம். அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னது, உலகம் முழுவதும் ஆட்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து 2.15, 2.16, 2.17 என்று புதுப் பதிப்புகளுக்கு அடுத்தடுத்து மாற்றினார்கள். அந்த வாரத்தில் எங்கள் சர்வர்களில் லாக்4ஜே இல்லை என்று சொல்லிக்கொண்ட பலருக்கு, வாங்கிய மென்பொருளின் உள்ளே அது இருக்கிறது என்பதே தெரியவில்லை. பழைய லாக்4ஜே 1-க்கு 2015 ஆகஸ்டிலேயே ஆதரவு முடிந்துவிட்டது, இன்றைக்கும் அதில் ஓடுகிற சர்வர்களை நான் பார்க்கிறேன், அவை அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் இருக்கின்றன.

செலவாகும் என்று ஒரு பதில் வரும், அதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். நாளைக்கு 2 ஜிபி எழுதுகிற ஒரு நடுத்தர சர்வர் 180 நாளில் 360 ஜிபி எழுதும். லாக் என்பது வெறும் எழுத்து, ஒரே மாதிரி வரிகள், சுருக்கினால் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும், அதாவது 40 ஜிபிக்குப் பக்கம். அதைக் கோளாறு வந்தால் சேர்ந்து போய்விடாதபடி வேறொரு இயந்திரத்தில் வைக்க வேண்டும், சர்வருக்குள் புகுந்தவர் முதலில் அழிப்பது லாக்கைத்தான். இதெல்லாம் கோடிகளில் டெண்டர் விடுகிற நிறுவனத்துக்கு ஒரு செலவே கிடையாது. ஆனால் வெண்டர்கள் லாக்கைத் தனி வசதியாக விலை போட்டு விற்பதும் நடக்கிறது, அதையும் தடுக்க வேண்டும். 2023-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மெயில்களைச் சீனாவோடு தொடர்புடைய குழு ஒன்று படித்ததை அந்தத் துறையே கண்டுபிடித்தது, எப்படி என்றால் மைக்ரோசாஃப்டின் உயர்விலைத் திட்டத்தில் மட்டும் கிடைத்த ஒரு லாக் அவர்களிடம் இருந்தது. அந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டாதவர்களால் அதே தடயத்தைப் பார்த்திருக்க முடியாது. கடும் விமர்சனம் வந்த பிறகு அந்த லாக்குகளைச் சாதாரணத் திட்டத்துக்கும் திறந்துவிட்டார்கள், வைத்திருக்கும் காலத்தையும் 90 நாளிலிருந்து 180 ஆக்கினார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது ஆதாரம்.

அதனால் தமிழக அரசுத் துறைகளும், கூட்டுறவு நிறுவனங்களும், பல்கலைக்கழகங்களும், ஆஸ்பத்திரிகளும் மென்பொருள் வாங்கும் டெண்டரிலும் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் லாக்குக்கென்று ஒரு பகுதி சேர்க்க வேண்டும் என்று உங்கள் வழியாகக் கேட்கிறேன். ஒப்படைக்கும் நாளில் மட்டம் இன்ஃபோவில் இருக்க வேண்டும், 180 நாள் பதிவு வேறு இயந்திரத்தில் இருக்க வேண்டும், நேரம் இந்திய நேரத்தோடு பொருந்த வேண்டும், தனிநபர் விவரம் மறைக்கப்பட வேண்டும். லாக்கின் உரிமை வாங்கியவருக்கு, வெண்டருக்கு இல்லை. ஊழியர் ஒருவர் மீது கணினிப் பதிவை வைத்து நடவடிக்கை எடுத்தால் அந்த நாளின் லாக் நகலை அவருக்கும் கொடுக்க வேண்டும். இதில் கடைசியைப் பற்றித் தொழிற்சங்கங்களும் பேச வேண்டும், இதுவரை யாரும் பேசி நான் கேட்டதில்லை. எல்லாம் இருக்கிறது என்று வாயால் சொன்னால் ஏற்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய தேதியைச் சொல்லி, அன்றைய பதிவை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். எடுக்க முடியாவிட்டால் அந்தக் காலாண்டு பராமரிப்புப் பணத்தில் பிடிக்க வேண்டும்.

உங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு அதிகாரி "சர்வர் பிரச்சினை, சரிசெய்துவிட்டோம்" என்று சொல்லும்போது, எந்த சர்வர், எத்தனை மணிக்கு, லாக்கில் என்ன இருந்தது, உங்களிடம் இருப்பதிலேயே பழைய லாக் எந்தத் தேதியுடையது என்று கேளுங்கள். பதிலை அப்படியே அச்சிடுங்கள். "லாக் இல்லை" என்பதுதான் பதில் என்றால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்